வாடிய கொழுந்தில் ஒரு நாவல்

மண்டையோடு, அணைந்த மெழுகுவர்த்தி, வாடிய பூ. 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர்கள் இவற்றை மேசையில் பரப்பி நிலையாமையை வரைந்தார்கள். அதே வழியில் பழைய நாவல்களை உயிரற்ற பொருள்களின் படங்களாகவும் வாசிக்கலாம்.

இலக்கியத்தைப் படமெடுத்த கை ஒன்று நம் மலையகத்தில்தான் ஓய்ந்தது. ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் ஆர்தர் மன்னன் கவிதைகளுக்காக உறவினரையும் நண்பர்களையும் வேடமிட்டு நிற்கவைத்துப் புகைப்படமெடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1875இல் இலங்கை வந்தார்; 1879இல் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கதை. அதைப் புகைப்படமாக்க மலையகத்துப் பசறையில் பொருளுக்குப் பஞ்சமில்லை: கவ்வாத்தில் (செடியைக் கத்தரிக்கையில்) வெட்டுண்டு காய்ந்த வாது, பின்னல் பிரிந்த கூடை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொழுந்து. பறித்த கணமே அது சாகத் தொடங்குகிறது. தொழிற்சாலையில் பல மணி நேரம் வாட்டியபின், மடித்தால் முறியாது, துணிபோலத் துவளும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நரம்பெல்லாம் புடைத்துத் தெரியும்.

சுற்றுலா அட்டைகளின் பச்சை மலையைவிட, இந்த ஒற்றை இலையே நாவலுக்கு நெருக்கமானது. கறுப்புத் துணி, ஜன்னல் வெளிச்சம், கைபேசி இருந்தால் பசறைப் பள்ளி மாணவர்களே இதை எடுத்துவிடலாம்.