குவியலுக்குத் தீ வைக்கும் நாள்

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் பகுதியில் மலைச்சரிவைச் செதுக்கிப் படிப்படியாக வயல்களை அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஆண்டு முழுவதும் புதரும் முள்ளும் மண்டுகின்றன. கேழ்வரகும் குதிரைவாலியும் விதைப்பதற்கு முன்பாக உழவர்கள் அவற்றை வெட்டி, காயவிட்டு, குவித்துத் தீ வைப்பார்கள். இவ்வாறு எரிப்பதற்கு அங்கே ‘ஓண்’ என்றும் ‘ஆடா’ என்றும் பெயர். தலைமுறைகளாக நடந்துவரும் வேலை, செலவில்லாத வேலையும்கூட. வயல் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

அந்தக் காட்டில் பெரும்பகுதி சிர் பைன் மரங்கள். கோடை தொடங்கும்போது இவை ஊசி இலைகளை உதிர்க்கின்றன. ‘பிரூல்’ எனப்படும் இந்தச் சருகில் பிசின் உண்டு, எளிதில் மட்காது. மே மாதத்தில் காட்டின் தரையெங்கும் பிரூல் மெத்தைபோல் கிடக்கும். குவியலிலிருந்து காற்றில் எழுந்த ஒரு பொறி அதன்மேல் விழுந்தால் போதும்.

2024ஆம் ஆண்டின் தீப்பருவத்தில் உத்தராகண்டில் 1,000க்கும் மேற்பட்ட காட்டுத்தீ நிகழ்வுகள் பதிவாயின. ஏப்ரலில் நைனிதால் அருகே பரவிய தீயை அணைக்க, விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து நீரை மொண்டுசென்று கொட்டியது. ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் உயிரிழந்தனர். மலைக்காடு பற்றிக்கொள்ளக் காரணங்கள் பல: அணைக்காமல் எறிந்த பீடித் துண்டு, புதுப்புல் தளிர்க்கட்டும் என்று வைக்கும் தீ, வேண்டுமென்றே செய்யும் கேடு. வயலில் வைத்த தீ கைமீறிப்போவதும் அவற்றுள் ஒன்று. நிலம் வைத்திருப்பவர் தாமே தடுக்கக்கூடியது இதுதான்.

அதே அல்மோரா மாவட்டத்தில் சீத்லாகேத் என்னும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. அவர்கள் ஓண் எரிப்பதை நிறுத்தவில்லை. எரிக்கும் நாளை மாற்றிக்கொண்டார்கள். வெட்டிக் குவித்தவை அனைத்தும் மார்ச் 31க்குள் எரிந்து முடிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏப்ரல் முதல் நாளை ‘ஓண் திவஸ்’ என்று கொண்டாடி, காட்டைத் தீயிலிருந்து காப்பதாக ஊர்கூடி உறுதி ஏற்கிறார்கள். இதில் முன்னிற்பவர்கள் பெண்கள். விறகுக்கும் புல்லுக்கும் நாள்தோறும் காட்டுக்குள் செல்பவர்கள் அவர்களே என்பதால் அது இயல்பானதே. மாநில வனத்துறை இதனைச் ‘சீத்லாகேத் மாதிரி’ எனக் குறிப்பிட்டுப் பிற பகுதிகளுக்கும் கொண்டுசெல்ல முற்பட்டது.

முழுத் தடை விதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எரிப்பவர் இரவில், தனியாக, யாருக்கும் சொல்லாமல் எரித்திருப்பார். ஊருக்கே தெரிந்து, பகலில், பலர் உடனிருக்க எரியும் தீயைவிட அது பன்மடங்கு ஆபத்தானது.

நாளை முன்னே தள்ளுவதில் வெறும் வசதி மட்டும் இல்லை. மார்ச்சில் மண்ணில் குளிர்காலத்து ஈரம் சற்று மிஞ்சியிருக்கும். விளிம்புப் புல்லில் பசுமை இருக்கும். இரவுப் பனி சருகை நனைத்து வைத்திருக்கும். பொறி தவறி விழுந்தாலும் பரவத் தயங்கும். ஆறு வாரம் கழித்து அதே பொறி அதே இடத்தில் விழுந்தால் நிலைமை வேறு.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். மலையில் வெயில் ஏறும்போது சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் மிகக் குறைந்திருக்கும். ஆகவே விடிந்ததும் தொடங்கி, முற்பகலுக்குள் சுடர் அடங்கிவிடும்படி வேலையை அமைத்துக்கொள்வதே சரி. மாலையில் காற்று தணியும் என்று கருதி அப்போது எரிப்பவர்கள் உண்டு. ஆனால் அணைத்துவிட்டோமா என்று இருட்டில் சரிபார்க்க முடியாது. கங்கைக் காவலின்றி விட்டுவிட்டு உறங்கச் செல்ல நேரிடும்.

சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது. சாய்வு 10 பாகை கூடும்போதெல்லாம் தீ ஏறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் கையாளும் கணக்கு. எனவே குவியலைப் படியின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். கீழ்ப்புறத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவது அவசியம். எரியும் கட்டை உருண்டு கீழே போய், அங்கே பற்றிக்கொண்டு, நிற்பவர்களை நோக்கியே தீ ஏறிவருவது மலையில் நடக்கக்கூடிய விபத்து.

மற்றபடி, மலையானாலும் சமவெளியானாலும் முறை ஒன்றே. ஒரு பெருங்குவியலைவிட இடுப்பளவு உயரமுள்ள சில சிறு குவியல்கள் நல்லவை. ஒன்றை எரித்து, அது தாழ்ந்தபின் மற்றதிலிருந்து கிளைகளை எடுத்துச் சிறிது சிறிதாக அதில் இடலாம்; இடுவதை நிறுத்தினால் தீயும் தாழ்ந்துவிடும். பெருங்குவியல் பற்றியபின் நம் சொல்லைக் கேட்பதில்லை; அடியிலுள்ள மண்ணையும் சுட்டு, அவ்விடத்தில் நெடுநாள் எதுவும் முளைக்காதபடி செய்துவிடும். சுற்றிலும் சருகையும் வேரையும் நீக்கி, வெறும் மண் தெரியுமாறு தீத்தடுப்புக் கோடு அமைக்க வேண்டும். அதன் அகலம் குவியலின் உயரத்தைப்போல் இருமடங்காவது இருக்கட்டும். மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. பச்சைக் கிளைகள் புகையுமேயன்றி எரியா. அவற்றை எரிக்கப் பெட்ரோல் ஊற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்: அதன் ஆவி குப்பென்று பற்றும்போது முதலில் சுடப்படுவது ஊற்றிய கைதான். பொறுத்திருந்து காயவிடுவதே வழி.

அரளிக் கிளைகளைக் குவியலில் சேர்க்க வேண்டாம். அதன் புகையும் நஞ்சு. பூச்சிமருந்துப் புட்டி, நெகிழிப் பை, பழைய டயர் ஆகியவற்றுக்கும் அங்கே இடமில்லை. எரிப்பதற்குச் சற்று முன் குவியலைக் கோலால் தட்டிக் கலைத்துப் பாருங்கள். பல நாள் கிடந்த குவியலில் பாம்பும் உடும்பும் குடியேறியிருக்கக்கூடும்.

பலரும் அவசரப்படுவது அணைக்கும் கட்டத்தில்தான். சுடர் இல்லை என்பதால் தீ இல்லை என்று பொருளன்று. சாம்பலின் அடியில் தணல் பல மணி நேரம் உயிரோடிருக்கும். அருகில் பழைய அடிமரம் இருந்தால், அதன் வேர்வழியே மண்ணுக்குள் கனன்று சென்று, சில நாள் கழித்து எட்டடி தள்ளிப் புகைய ஆரம்பிக்கும். எனவே சாம்பலை மண்வெட்டியால் பரப்பி, நீர் ஊற்றி, கிளறி, மறுபடி நீர் ஊற்ற வேண்டும். நீர் அரிதான இடத்தில் ஈரமண்ணோடு கலந்து பிசைவதுபோல் கிளறலாம். மண்ணை மேலே மூடிவிட்டுப் போவது மட்டும் கூடாது. அது தணலை அணைப்பதைவிடப் பாதுகாத்து வைப்பதே அதிகம். பின்னர்ப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுசென்று பாருங்கள். சூடு தெரிந்தால் வேலை முடியவில்லை. மறுநாள் காலையிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. காப்புக்காட்டுக்கு ஆபத்து நேரும் வகையில் தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அணைக்காமல் விடுவதும் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி குற்றம். காடு அருகில் இல்லாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து விளையுமாறு தீயை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவில் வரும். எரிப்பதற்கு முன் வனக்காவலருக்கோ ஊராட்சிக்கோ சொல்லி, அவ்வூரில் அப்போது தடை ஏதும் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் காணும் தீயிடங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் அதில் பதிவு செய்துகொள்ளலாம்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இயற்கையாக மூளும் தீயால் பயிருக்கு ஏற்படும் இழப்பை ஏற்கிறது. தடுத்திருக்கக்கூடிய இழப்புகளை அது விலக்கியுள்ளது. பக்கத்து வயலுக்குத் தாவிய நம் தீக்கு அங்கே ஈடு கேட்க முடியாது. வீட்டுக்கு நிலைமை வேறு. 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புதர்த்தீ, காட்டுத்தீ ஆகியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதமும் அடங்கும். மாட்டுக் கொட்டகை, வைக்கோற்போர், மோட்டார் அறை ஆகியவை உங்கள் பாலிசியில் சேர்ந்துள்ளனவா என்பதை அட்டவணையில் பாருங்கள். பாலிசியில் சேராதவற்றுக்குத் தொகை வராது; சேர்க்க வேண்டுமானால் புதுப்பிக்கும் நேரத்தில் கிளையில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.