காற்றைக் கட்டிய பையன்

பருவம் தப்பினால் பிள்ளைகள் கதி என்ன? இதைக் காட்டும் படம் ‘தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்’ (2019). ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் நடந்த உண்மைக் கதை.

மரங்களை வெட்டுகிறார்கள், வெள்ளம் வருது, அப்புறம் வறட்சி, பஞ்சம். பீஸ் கட்ட முடியாமல் வில்லியம் படிப்பு நின்னுபோகுது. வீட்டில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று அக்கா வீட்டை விட்டே போகிறாள். நூலகப் புத்தகத்தைப் பார்த்து, பழைய சைக்கிள் பாகங்களை வைத்துக் காற்றாலை செய்து, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான் வில்லியம்.

விளைச்சல் போனால் பிள்ளைகள் படிப்புதான் அடிவாங்குது. அதிலும் பெண் பிள்ளை படிப்பு. நாம் என்ன செய்யலாம்? படிப்புச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை என்று தீர்மானம் போடுவோம். ஊர் நூலகம் நேரத்துக்குத் திறக்குதா என்று கவனிப்போம். பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தையும் பார்ப்போம்.