மெட்டில்லாத வீணை

வீணையின் தண்டியின்மேல் மெழுகிற் பதித்த 24 மெட்டுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல் சற்று முன்பின்னாகப் பட்டாலும் மெட்டு ஸ்வரத்தைக் காத்துவிடும். மெட்டுகள் ஒன்றுமே இல்லாத வீணையும் நம்மிடம் உண்டு. அதுதான் கோட்டுவாத்தியம், சித்திரவீணை என்றும் வழங்குவர். வாசிப்பவர் இடக்கையில் வழவழப்பான உருளையொன்றைப் பற்றித் தந்திகளின்மேல் நகர்த்துவார். வலக்கை விரல்களால் மீட்டுவார். கருங்காலி உருளை பழைய வழக்கம். இன்று டெஃப்லான் என்னும் செயற்கைப் பொருளும் பயன்படுகிறது.

நான் கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன். ஆகவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தந்தியின் நீளம் 90 செ.மீ. என்று கொள்வோம். அதை மீட்டினால் எழுவது ஸட்ஜம். உருளையை வைத்து, ஒலிக்கும் பகுதியை 60 செ.மீ. ஆக்கினால் பஞ்சமம், 45 ஆக்கினால் மேல் ஸட்ஜம். 60க்குப் பதிலாக 59இல் உருளை நின்றுவிட்டால், அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கும் மேலாகச் சுருதி ஏறிவிடும். மேலே போகப் போக இதே ஒரு செ.மீ. பிழை இன்னும் பெரிதாகும். தந்தியை அழுத்தவும் கூடாது. அழுத்தினால் சுருதி கெடும். வழிகாட்ட மெட்டு இல்லை. செவி ஒன்றே நீதிபதி.

இத்தனை தொல்லை எதற்கு? ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்ல, மனிதக் குரலைப் போல் கமகம் பேச, இதற்கு நிகரான தந்தி வாத்தியங்கள் சிலவே. இதனைப் பிரபலமாக்கிய திருவிடைமருதூர் சகாராமராவிடம் பயின்றவர்களுள் ஒருவர், பின்னாளில் வாய்ப்பாட்டில் பெரும்புகழ் எய்திய செம்மங்குடி சீனிவாச ஐயர்! கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரும் (1903–1959) பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் இக்கருவிக்கு நிலையான இடம் தேடித் தந்தனர்.

கடல் கடந்த ஹவாய்த் தீவுகளிலும் இவ்வித்தை எழுந்தது. 1889ஆம் ஆண்டளவில் ஜோசப் கெக்குகு என்னும் இளைஞர் கிதாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்திகளைத் தடவி வாசிக்கத் தொடங்கினார் என்பர். அமெரிக்காவில் அது பரவியபோது வேறொரு சங்கடம் நேர்ந்தது. மெலிந்த தந்தி சிறிதளவு காற்றையே அசைக்கும்; எக்காளங்கள் முழங்கும் அரங்கில் கிதார் எடுபடவில்லை.

ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா இதற்கு வழி கண்டார். 1927இல் வெளிவந்த அவருடைய கிதாரின் உலோக உடலுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று இருந்தன. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாகக் கூம்புகளில் இறங்கும். வானொலிப் பெட்டியில் காகிதக் கூம்பு அசைந்து ஒலிப்பதுபோல் அவை அசைந்து ஒலியைப் பெருக்கும். மின்சாரம் வேண்டியதில்லை! இதுவே ரெஸனேட்டர் கிதார். மறு ஆண்டே சகோதரர்களுடன் சேர்ந்து ஒற்றைக் கூம்புக் கிதார் செய்தார். அதற்கு 'டோப்ரோ' என்று பெயர். டோப்யேரா சகோதரர் என்பதன் சுருக்கமாகிய அச்சொல்லுக்கு, அவர்கள் தாய்மொழியில் 'நல்லது' என்று பொருள். 1932இல் மின்கிதார் விற்பனைக்கு வந்தபின் கூம்பின் தேவை குறைந்தது. எனினும் அதன் கணீரென்ற நாதத்துக்காகவே இன்றும் அதை விரும்புவோர் உளர்.

கிதாரை நம் ராகங்களுக்கு ஏற்றவர்களும் உண்டு. வடநாட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா அவ்வழியில் முன்னோடி. மோகன வீணை கண்ட விஸ்வமோகன் பட், அமெரிக்கர் ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி பரிசு பெற்றார்.

கிதார் வாசிப்போர் கண்ணாடி, பித்தளை, பீங்கான் குழாய்களையும் உருளையாகக் கொள்வர். சொரசொரப்பான பொருள் தந்தியில் சீறும், வழவழப்பே முக்கியம். எங்கள் ஸ்ரீமுஷ்ணத்துக்கு அண்மையிலுள்ள விருத்தாசலமோ பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: பலகையின் இரு முனைகளில் ஆணியடித்து, ஒரு கம்பியை விறைப்பாகக் கட்டுங்கள், இரு முனையிலும் கம்பிக்கு அடியில் சிறு மரக்கட்டை செருகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பீங்கான் குழாயை நகர்த்திப் பஞ்சமத்தைச் செவியாலேயே தேடிப் பிடியுங்கள். பிறகு கண்ணைத் திறந்து அளவுகோலை வையுங்கள். கட்டைகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு எவ்வளவு அருகில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.