கடற்கண்ணியும் அதனைத் தேடுங் கப்பலும்

1917ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால், 'வூஸ்டர்ஷயர்', 'பேர்சியஸ்' என்னும் இரு பிரித்தானிய வணிகக் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் வெடியுண்டு அமிழ்ந்தன. பகைக்கப்பல் எதுவும் அருகிற் காணப்படவில்லை. 'வொல்வ்' என்னும் ஜேர்மன் கப்பல் அங்கே கண்ணிகளை இட்டுவிட்டு முன்னரே அகன்றிருந்தது. இட்டவன் சென்ற பின்னும் காத்துக்கிடப்பதே கடற்கண்ணியின் கொடுமை.

அக்காலத்துக் கண்ணி, கடலடியிற் கிடக்கும் பாரத்துடன் கம்பியாற் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்தின் கீழே மிதப்பது; கப்பல் முட்டினால் வெடிப்பது. அதனை அகற்றுதல் ஓரளவு எளிது. கண்ணி வாருங் கப்பல்கள், வெட்டுங் கருவி பூட்டிய வடத்தை நீரில் இழுத்துச் செல்லும். பிணைப்பு அறுந்து மேலெழும் கண்ணியைச் சுட்டழிப்பர்.

1939 நவம்பர் 23இல், தேம்ஸ் நதி கடலோடு கலக்குமிடத்துச் சூபரினெஸ் சேற்றுநிலத்தில் வேறுவகைக் கண்ணியொன்று அகப்பட்டது. ஜேர்மன் விமானம் இட்ட அதனைக் கடற்படை அதிகாரி ஜோன் ஊவ்ரி உயிரைப் பணயம் வைத்துக் கழற்றினார். உருக்குக் கப்பல் மேலே செல்லும்போது காந்தப்புலத்தில் நிகழும் மாறுதலே அதனை வெடிக்கச் செய்வதென்பது தெளிவாயிற்று. பின்னர் ஓசையாலும் நீரமுக்க மாறுதலாலும் வெடிப்பனவும் தோன்றின. சில கண்ணிகள், முதலிற் செல்லும் கப்பல்களை எண்ணி விட்டுவிட்டுப் பின்வருவதையே தாக்கும். ஆதலால், பலமுறை வாரிய கடலையும் நம்புதல் அரிதாயிற்று. கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் காண்பதே தக்க வழியென உணரப்பட்டது.

தேடுங் கப்பல் தானே கண்ணிக்கு இரையாகாதிருத்தல் வேண்டும். எனவே அதன் உடல் பெரும்பாலும் மரத்தினாலோ, கண்ணாடியிழை சேர்ந்த பிளாஸ்டிக்கினாலோ ஆனது. 1973இற் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்த 'வில்ற்றன்' இவ்வாறு பிளாஸ்டிக்கினாற் கட்டப்பெற்ற முதற் போர்க்கப்பலாகும். இத்தகைய கப்பல் மெல்ல ஊர்ந்து, ஒலியலைகளை முன்னே செலுத்தும். திரும்பும் எதிரொலியும், பொருளின் பின்னே விழும் ஒலிநிழலும் அப்பொருளின் வடிவை உணர்த்தும். ஆயினும், பாறையும் பழம் பீப்பாயும் கண்ணிபோலவே தோன்றலாம். ஐயந்தீரச் சுழியோடிகள் இறங்குவர். அல்லது விளக்கும் படப்பொறியும் பூண்ட ஆளில்லாச் சிறுகலம் செல்லும். கண்ணியே எனத் தெளிந்தால், அருகே வெடிமருந்து வைத்துத் தொலைவில் நின்று வெடிக்கச் செய்வர்.

இரு உலகப் போர்களிலும் இடப்பட்ட கண்ணிகள் பால்ற்றிக் கடலில் இன்றும் கண்டெடுக்கப்படுகின்றன. போர் முடிந்தமை அவற்றிற்குத் தெரியாது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர், அழிவுக் கருவியை ஆக்கும் அறிவினும் அதனை அடக்கும் அறிவே அரியதென்பதை இதனால் உணர்வாராக.