அல்லூரைப் படித்த ஜப்பானியர், கல்லணையைப் படித்த ஆங்கிலேயர்

திருச்சியிலிருந்து காவிரியை ஒட்டியே கரூர் சாலையில் போனால், முக்கொம்பு வருவதற்கு முன்பே அல்லூர் வந்துவிடும். வாழைத் தோட்டம், நெல்வயல், ரயில் தண்டவாளம், ஒரு பழைய சிவன் கோயில். திருச்சிக்காரர்கள் பலருக்கு அது வழியில் வரும் ஒரு பேருந்து நிறுத்தம். தென்னிந்திய வரலாற்றை ஆழமாகப் படிப்பவர்களுக்கோ அது தவிர்க்க முடியாத பெயர். அதற்குக் காரணம் டோக்கியோவிலிருந்து வந்த ஒரு மாணவர்.

நொபொரு கராஷிமா 1933-ல் பிறந்தவர். 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராக வந்தார். தமிழ் கற்றார், கல்வெட்டு படிக்கக் கற்றார், சில ஆண்டுகள் இங்கேயே தங்கினார். சோழர் காலம் என்றதும் எல்லோரும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அரசர்களின் மெய்க்கீர்த்தியையும் தேடிப் போன நேரத்தில், அவர் திருச்சி வட்டாரத்தின் இரண்டு சிற்றூர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று அல்லூர், மற்றொன்று ஈசானமங்கலம். முன்னது வேளாண் மக்களின் ஊர். பின்னது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். இரண்டு ஊர்க் கல்வெட்டுகளிலும் யார் யாருக்கு நிலம் விற்றார்கள் என்று வரிவரியாகப் பார்த்தார். அல்லூரில் நிலத்தை விற்றது ஊராரின் சபை. ஈசானமங்கலத்தில் விற்றவர்கள் தனி ஆட்கள். ஆற்றங்கரையின் ஒரே வட்டாரத்தில் நிலவுடைமை இரண்டு விதமாக இருந்திருக்கிறது. 1966-ல் வெளிவந்த அந்தக் கட்டுரை, சோழர் காலக் கிராமத்தைப் பற்றிய ஆய்வை வேறு திசைக்குத் திருப்பியது. பின்னாளில் அவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார், உலகத் தமிழ் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரும் ஆனார். தஞ்சாவூரில் 1995-ல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாடு அவர் தலைமைக் காலத்தில்தான் நடந்தது. 2013-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2015-ல் மறைந்தார்.

அவருக்கு இடம் கொடுத்தது பல்கலைக்கழகம். ஆனால் அவரை ஆளாக்கிய பாடம் வகுப்பறையில் கிடைத்ததல்ல; ஊர்ப்பக்கத்துக் கோயில் சுவர்களில் இருந்தது. வெளிநாட்டுக்குப் பரிமாற்ற மாணவராகப் போகத் துடிக்கும் இன்றைய இளைஞர்களும், அவர்களை அனுப்பும் கல்லூரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பருவம் வெளிநாட்டில் படிப்பது என்றால் அதில் பாதிப் படிப்பு அந்த ஊரைச் சுற்றியுள்ள நிலப்பரப்புதான்.

பரிமாற்றப் படிப்பு என்பதை முழுநேர வெளிநாட்டுப் படிப்போடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டம் சொந்தக் கல்லூரியில்தான் கிடைக்கும். நடுவில் ஒரு பருவமோ இரண்டோ மட்டும் வேறு நாட்டுக் கல்லூரியில் படிப்பார்கள். இரண்டு கல்லூரிகளும் ஒப்பந்தம் போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே தனியாகக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இங்கே கட்டுவதைக் கட்டினால் போதும். விமானச் செலவு, அறை வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு ஆகியவை மாணவர் கைச்செலவு. அங்கே எடுக்கும் பாடங்கள் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இதை வாங்காமல் போய்த் திரும்பினால், ஒரு பருவத்தை மறுபடியும் எழுத வேண்டிய நிலைகூட வரலாம்.

இந்த முறையை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஐரோப்பா. 1987-ல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்றுவரை அந்தத் திட்டத்தால் பயன்பெற்றவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரு பருவப் படிப்புக்கு 30 மதிப்பு அலகுகள் என்று கண்டம் முழுக்க ஒரே கணக்கு வைத்தார்கள். அதனால் லிஸ்பனில் படித்ததை வார்சாவில் எண்ணிக்கொள்ள முடிகிறது.

நம் பக்கம் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 2024-ல் வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் 2021-22-ன் அரசுக் கணக்கெடுப்பின்படி 46,878 பேர். அதிலும் கால்பங்குக்கு மேல் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் வர வேண்டும். திருச்சிக்கு அந்தத் தகுதி தாராளமாக உண்டு. நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கி 1883-ல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரி, 1964-ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன துவாக்குடி வளாகம், 1982-ன் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011-ல் அதே என்.ஐ.டி. வளாகத்தில் வகுப்பைத் தொடங்கிப் பிறகு புதுக்கோட்டைச் சாலையில் சொந்த இடத்துக்குப் போன ஐ.ஐ.எம். என்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றைச் சுற்றி இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருப்பவற்றை நினைத்தால், இந்த ஊர் இன்னும் எத்தனையோ மாணவர்களை ஈர்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் வரும்.

கல்லணையை எடுத்துக்கொள்வோம். திருவெறும்பூரிலிருந்து பிரியும் சாலையில் சிறிது தூரம். கரிகாலன் கட்டியது என்று மரபு சொல்லும் இந்த அணையை, 1821-ல் 18 வயதில் சென்னைக்கு வந்த ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பார்த்தார். ஆற்றில் எவ்வளவு தோண்டினாலும் மணல், பாறை தட்டுப்படாது. அங்கே எப்படி அஸ்திவாரம் போடுவது? பழைய காவிரிக்காரர்கள் பெரும் பாறைகளை ஆற்றில் இறக்கினார்கள். ஓடும் தண்ணீர் அடியிலுள்ள மணலை அரிக்க அரிக்கப் பாறை தானாக இறங்கும். இறங்கி நின்றதும் அதன்மேல் இன்னொன்று, இடையில் களிமண். தண்ணீரின் அரிப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட உத்தி இது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இவர்களிடமே கற்றதாகக் காட்டனே பின்னாளில் எழுதினார். 1836-ல் அவர் தலைமையில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டும் வேலை தொடங்கியது. காவிரியைவிடத் தாழ்வான கொள்ளிடத்துக்குள் தண்ணீர் ஓடிவிட, காவிரி மணல்மேடிட்டுக் கொண்டிருந்த காலம் அது. கற்ற வித்தையை அங்கிருந்து அவர் கோதாவரிக்குக் கொண்டுபோனார். 1852-ல் தவளேசுவரம் அணை முடிந்தது. அவர் கும்பினி அதிகாரி. வரி வருமானம்தான் அரசின் முதல் நோக்கம். இருந்தாலும் உள்ளூர் அறிவைக் கூர்ந்து பார்த்தவர், யாரிடம் கற்றோம் என்பதை மறைக்காதவர்.

2018 ஆகஸ்டில் அதே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பக்கத்திலேயே புதிய கதவணை எழுந்தது. நீர்ப் பொறியியல் படிக்க வரும் ஒரு நெதர்லாந்து மாணவருக்கோ வியட்நாம் மாணவிக்கோ, கரிகாலன் முதல் இன்றுவரையான பாடம் முழுவதும் ஒரே ஆற்றில், ஒரு பகல் பயணத்துக்குள் கிடைக்கிறது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு ஸ்ரீரங்கம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தால் காவிரிப் பாலம் தாண்டி இறங்கிக்கொள்ளலாம். 156 ஏக்கர், 21 கோபுரங்கள், ஏழு பிராகாரங்கள் என்ற எண்களை எந்தச் சுற்றுலாப் புத்தகமும் சொல்லும். அந்தப் பிராகாரங்களில் வெளிச் சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள் என்பதுதான் தங்கிப் படிப்பவருக்குப் புரியும் விஷயம். அடையவளஞ்சான் வீதியில் காய்கறிக்கடை, சித்திரை வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள், உத்திர வீதியில் வாசலுக்குக் கோலம். கோயிலுக்குள் ஓர் ஊரும் ஊருக்குள் ஒரு கோயிலுமாக நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழும் நகரமைப்பு இது. 236 அடி ராஜகோபுரம் நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1987-ல்தான் முடிந்தது. நூற்றாண்டுகள் நின்றுபோன ஒரு கட்டடத்தைத் தொடர்ந்து கட்டுவது எப்படி என்பதே ஒரு பருவப் பாடமாகலாம். கோயிலில் பழைய கட்டுமானங்களைச் சீரமைத்த பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சுவர்களில் தமிழ் மட்டுமல்லாமல் வடமொழி, கன்னடம், தெலுங்கு என்று 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள்.

வருகிற மாணவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது. வாசலில் போய் நின்று முகம் வாடுவதைவிட, எதுவரை போகலாம், மேல்தளத்திலிருந்து பொன்வேய்ந்த விமானத்தை எங்கே நின்று பார்க்கலாம் என்று உடன்படிக்கும் மாணவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் மரியாதையும் கெடாது, மனமும் நோகாது.

தெற்கே மதுரைச் சாலையில் கொடும்பாளூர். மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு சன்னதிகளே. இருக்குவேளிர் ஆண்ட இந்த ஊரில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு இருந்தது. அதே மணிக்கிராமத்தின் பெயர் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வருகிறது. அவனி நாரணம் என்ற குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்ட செய்தி அது. கராஷிமாவும் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் மற்றவர்களும் தென்கிழக்காசியக் கரைகளிலும் சீனாவிலும் இந்தத் தடங்களைத் தேடிப் போனார்கள். சுமத்திராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சீனாவின் சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுடையது. அல்லூரில் தொடங்கிய மாணவரின் பயணம் தென்சீனம் வரை நீண்டது.

திருச்சியிலிருந்து வெளியே போகும் மாணவருக்கும் இது நல்ல வரைபடம். திருச்சி விமான நிலையத்தில் 2024-ல் புதிய முனையம் வந்தபின் வசதி கூடியிருக்கிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கே ஒரு பருவம் படிக்கும் மாணவர், ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்த கடாரத்தின் பக்கத்தில் இருக்கிறார். அந்தக் கடாரமான மலேசியாவின் கெடாவில் புஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களை வார விடுமுறையில் பார்த்துவிட்டு வரலாம். ராஜேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தை ஏற்கெனவே பார்த்தவருக்கு அது பலமடங்கு பேசும். அதனால்தான் கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன் சொந்த மாவட்டத்தைச் சுற்றிவிடுவது நல்லது. வெளிநாட்டு நண்பர்கள் முதலில் கேட்பது, உன் ஊரில் என்ன இருக்கிறது என்றுதான்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு வேறு வசதிகள். ஷெங்கன் நாடுகளில் ஒன்றில் மாணவராகத் தங்க அனுமதி அட்டை கிடைத்துவிட்டால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய மாதச் சீட்டில் நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் போகலாம். விலை பிறகு ஏறியது. அதிவேக ரயிலுக்கு அது செல்லாது. மெதுவான ரயிலில் போவது நட்டமும் இல்லை, சின்ன ஊர்களெல்லாம் கண்ணில் படும்.

குறுகிய பயணம்கூட என்ன தரும் என்பதற்குத் திருச்சியே ஒரு பெயரைத் தந்திருக்கிறது. திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், 1921-ல் முதல்முறை வெளிநாடு போனார். அவர் அப்போது மாணவர் அல்ல, கல்கத்தா பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் பிரதிநிதி. திரும்பும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்தியது. வானத்தின் நிறம் கடலில் தெரிகிறது என்பது ராலே பிரபு சொன்ன விளக்கம். ராமன் சட்டைப்பையில் இருந்த நிக்கோல் பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. அப்படியென்றால் நிறம் தண்ணீரிலிருந்தே வருகிறது. அந்தக் கேள்வி 1928-ன் ராமன் விளைவுக்கும் 1930-ன் நோபல் பரிசுக்கும் வழி போட்டது. மாநாட்டு மண்டபத்தில் கிடைக்காத கேள்வி அது. போகிற வழியைக் கவனித்தவருக்குக் கிடைத்தது.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. இங்கே பருவம் ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். ஜெர்மனியில் அக்டோபரிலும் ஏப்ரலிலும். இந்த இடைவெளியில்தான் பல விண்ணப்பங்கள் விழுந்துவிடுகின்றன. அதனால் பொறியியல் மாணவர்கள் ஜெர்மனியின் டாட் அமைப்பு தரும் வைஸ் திட்டத்துக்கும், கனடாவின் மைட்டாக்ஸ் தரும் 12 வார ஆய்வுப் பயிற்சிக்கும் முந்துகிறார்கள். கோடை விடுமுறையில் போகலாம், உதவித்தொகையும் உண்டு, பருவம் கெடாது. இங்கே வரும் மாணவர் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை முடிக்க வேண்டும். இப்போது அதை இணையத்திலேயே செய்யலாம்.

கல்லூரிகள் செய்யக்கூடியது இன்னும் ஒன்று உண்டு. வருகிற மாணவரைச் சனி ஞாயிறுகளில் விடுதியில் விட்டுவிடாமல், காவிரிப் படுகையையே மதிப்பு அலகுள்ள ஒரு பாடமாக வைக்கலாம். கல்லணை, ஸ்ரீரங்கம், கொடும்பாளூர், ஓவியக் குகையுள்ள சித்தன்னவாசல், அல்லூர். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சனிக்கிழமை, உடன் இரண்டு உள்ளூர் மாணவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அதில் அலகு கொடுத்தால் அவர்களும் தங்கள் ஊரைப் படிப்பார்கள். அழைக்கிற பருவம் ஜூலையாக இருக்கட்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்திருந்தால் காவிரியில் தண்ணீர் வந்திருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்கு. நவம்பரில் தேர்வு முடிந்ததும் ஊருக்குக் கிளம்பப் பார்ப்பவரிடம், விசா தேதி இடம் கொடுத்தால், திரும்பும் டிக்கெட்டை ஸ்ரீரங்கத்தின் பகல் பத்து முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லலாம்.