கவாத்து பழகும் இளைஞரை நிலைநிறுத்துவது எப்படி?

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டாரத்தில் ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி ஆகிய ஊர்களில் பன்னீர் திராட்சை பரவலாகப் பயிரிடப்படுகிறது. 2023-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கவாத்துக் கத்தரி பிடிக்க இளைஞர்கள் வருவதில்லை என்பது சிறு விவசாயிகளின் குறை.

காலையில் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரள ஏலத் தோட்டங்களுக்குப் போனால் தொடர்ந்து வேலை உண்டு. ஒரு ஏக்கர் திராட்சைக்காரரிடமோ கவாத்து சில நாட்களில் முடிந்துவிடும். கூலியைச் சற்று உயர்த்துவதால் மட்டும் இளைஞர் தங்கிவிட மாட்டார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை உண்டு. கவாத்து செய்த ஏறத்தாழ 4 மாதத்தில் பழம் வருகிறது. எனவே பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடிப் பேசி, கவாத்துத் தேதிகளை முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் பழம் வெடிக்குமாதலால், அந்த நாட்களில் அறுவடை விழாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். கவாத்துக்குப் பின் கொடி கட்டுதல், பற்றுக்கம்பி நீக்குதல், 12 முதல் 15 மொட்டு நிலையில் நுனி கிள்ளுதல், பட்டாணிப் பருவத்தில் நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைக் களைதல் என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேலை தொடரும்.

வேலை கொடுத்தால் மட்டும் போதாது, தொழிலையும் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் கூடை சுமந்தும் கத்தரி கைக்கு வராத இளைஞர் ஜீப் ஏறத்தான் செய்வார். தவறான வெட்டு ஒரு போகத்தையே கெடுத்துவிடும் என்ற தோட்டக்காரரின் பயம் நியாயமானதே. ஆகவே முதல் போகத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் ஒப்படைக்கலாம். பன்னீர் திராட்சையில் நன்கு முதிர்ந்த கிளையை 4 மொட்டு விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த, முதிராத கிளையென்றால் ஒன்றிரண்டு மொட்டுதான். வெட்டுமிடத்தை இளைஞர் முதலில் விரலால் தொட்டுக் காட்ட, பழகிய கவாத்துக்காரர் சரி என்ற பிறகு கத்தரி வைக்கட்டும். அந்த வரிசையில் துணி கட்டி வைத்து, அறுவடையின்போது குலைகளை அவரையே எண்ணச் சொல்லலாம்.

கற்றுக்கொடுக்கும் நாட்களில் மூத்தவரின் வேலை குறையும். அதற்காக அவர் கூலியைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் தொழிலை மறைத்துத்தான் வைப்பார்!

பழகும் காலத்துக் கூலி எவ்வளவு, எத்தனை போகம் கழித்து முழுக்கூலி என்பதை முதல் நாளே பெற்றோர் முன்னிலையில் பேசி முடிவு செய்வது நல்லது. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்க நினைக்க வேண்டாம். கடனுக்காக ஒருவரை வேலையில் பிணைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். 14 வயது நிரம்பாத சிறுவரைக் கூலிக்கு வைப்பதும் குற்றமே. 18 வயது நிறையாதவரிடம் மருந்துத் தெளிப்பானைக் கொடுக்கவே கூடாது.

ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி கவாத்துக்கு முன்பாக, பழகும் இளைஞரையும் அங்கே உடன் அழைத்துச் செல்லலாம்.