பந்தைத் தொடரும் கண்கள்

1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், தம் பதின்மூன்று விதிகளிலேயே பந்தைக் கவனிக்க ஒருவரையும், ஆட்டக்காரரைக் கவனிக்க மற்றொருவரையும் குறித்தார். அதன் அருமையை நம் ஊர் மைதானங்களில் காணலாம். புதிய நடுவரின் கண்கள் பந்தின் பின்னேயே ஓடும். பந்தில்லாத இடத்தில் நிகழும் தள்ளலை அவர் காணார். காணவில்லை என்பதைத் தாமாக அறியவும் மாட்டார், பிறர்தாம் சொல்லவேண்டும்.

பார்வையாளரின் கூச்சல் அதைச் சொல்லாது. "நன்று" என்னும் முகமனும் சொல்லாது. "தம்பி, விசில் ஊதியபோது எங்கே நின்றாய்? இருவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்ததா?" என மூத்த நடுவர் வினவுவதே பயன் தரும். ஒரே மூச்சில் பத்துக் குறைகளை அடுக்கினால் இளைஞர் விசிலையே கழற்றிவைத்துவிடுவார். ஒன்று போதும் என்பது நம் கருத்து. அடுத்த ஆட்டத்தில் அவர் இரண்டடி விலகி நிற்கட்டும். மறைந்திருந்த கை கண்ணுக்குத் தெரியும்.